கடைசி வண்டி வந்து சேரும்வரை

நூறு மீட்டர் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். கால்பந்தாட்டத்திற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஒன்பது பத்து நாட்கள், சிலருக்கு அதற்கும் மேல், இரவு பகலாக நடைபெறும் பந்தயம் ஒன்று உண்டு. அதில் ஓடுவன நாய்கள். ஓடும் பாதையோ உறைந்த ஆறுகளும், மலைக் கணவாய்களும், கடலின் மீது படிந்த பனிக்கட்டியும் ஆகும். அலாஸ்காவில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் நடைபெறும் ஐடிடராட் பந்தயமே அது. அதன் போக்கை நாள்தோறும் பின்தொடர்ந்து பார்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படிப் பார்க்கும் நாம் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? இதுபற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விழைகிறோம்.

முதலில் சிறிது வரலாறு. 1925ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நோம் என்னும் சிற்றூரில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் மடிந்தனர். துறைமுகம் உறைந்து கிடந்ததால் கப்பல் வர வழியில்லை. ரயிலில் மருந்து நெனானா என்ற ஊர்வரை வந்தது. அங்கிருந்து நோம் ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர். இருபது வண்டியோட்டிகள், கை மாற்றிக் கை மாற்றி, ஐந்தரை நாட்களில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்டோ என்ற நாயின் அணி. அதே ஆண்டில் நியூயார்க் நகரப் பூங்காவில் பால்டோவுக்குச் சிலை எழுந்தது. ஆனால் மிக நீண்டதும் மிக ஆபத்தானதுமான பகுதியைக் கடந்தவை லெனார்டு செப்பாலாவும் டோகோ என்ற அவருடைய நாயும் சேர்ந்த அணியே. ஊர் வாசலில் யாரைக் கண்டார்களோ அவர்களையே உலகம் கொண்டாடியது. இந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

பிறகு இயந்திரப் பனிவண்டிகள் வந்தன. கிராமங்களில் நாய் வண்டிகள் மறையத் தொடங்கின. இந்தப் பழைய வழக்கம் அழிந்துவிடக் கூடாது என்று எண்ணிய ஜோ ரெடிங்டன், டோரதி பேஜ் முதலானோரின் முயற்சியால் 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை முதல் நெடும் பந்தயம் நடைபெற்றது. தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். வெற்றி பெற்ற டிக் வில்மார்த்துக்கு இருபது நாட்கள் ஆயின. கடைசியாக வந்தவருக்கு 32 நாட்களுக்கு மேல் பிடித்தது.

இன்று ஒவ்வொரு வண்டியிலும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. ஆகவே வரைபடத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு புள்ளியாக நகர்வதை உலகின் எந்த மூலையிலிருந்தும் காணலாம். நமக்கு இரவு ஏழு மணி ஆகும்போது, பந்தயத்தின் தொடக்க நாட்களில், அங்கே அதே நாள் அதிகாலை நாலரை மணி. நாம் உண்டு உறங்கப் போகும் வேளையில் அங்கே ஒருவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாய்களின் பாதங்களுக்குத் துணியுறை மாட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிப் பின்தொடர்வதில் எங்கள் முதல் கருத்து இதுதான். முன்னால் இருக்கும் புள்ளியை மட்டும் பார்ப்பவர் பந்தயத்தைப் பார்த்தவர் ஆகார். காரணம் சொல்கிறோம். விதிப்படி ஒவ்வோர் அணியும் வழியில் ஏதேனும் ஓரிடத்தில் 24 மணி நேரம் தங்கியே தீர வேண்டும். யூகான் ஆற்றங்கரையில் 8 மணி நேரமும், ஒயிட் மவுண்டன் என்ற ஊரில் இன்னுமோர் 8 மணி நேரமும் நிற்க வேண்டும். எனவே நான்காம் நாள் முதலிடத்தில் தெரிபவர் 24 மணி ஓய்வை இன்னும் எடுக்காதவராக இருக்கலாம். இருபதாம் இடத்தில் இருப்பவர் அதை எடுத்து முடித்தவராக இருக்கலாம். அது மட்டுமன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். அந்த வித்தியாசத்தையும் இந்த 24 மணி ஓய்வின்போதே கணக்கிட்டுச் சரிசெய்கிறார்கள். ஆகவே புள்ளி நின்றால் தோல்வி என்றும், ஓடினால் வெற்றி என்றும் எண்ணுவது அவசரம்.

2014ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒயிட் மவுண்டனைக் கடந்து முதலாவதாகச் சென்ற ஜெஃப் கிங்கின் அணியைக் காற்று பாதையை விட்டே தள்ளிவிட்டது. அவர் போட்டியிலிருந்து விலகினார். அடுத்து வந்த அலி சர்க்கிள் என்ற வீராங்கனை, சேஃப்டி என்னும் நிலையத்தில் காற்று தணியக் காத்திருந்தார். மூன்றாவதாக வந்த டலாஸ் சீவி, முன்னிருந்த இருவரையும் கடந்துவிட்டதை அறியாமலே இருட்டில் ஓடி வந்து வென்றார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே இரண்டரை நிமிடம்கூட இல்லை! தாம் முதல்வர் என்பதே அவருக்கு நோம் வந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது கருத்து: மனிதரை மட்டும் கணக்கெடுக்காமல் நாய்களையும் கணக்கெடுக்க வேண்டும். ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடித்த எல்லாக் கைகளுக்கும் அதில் பங்கு உண்டு அல்லவா? இங்கே முன்னோடி நாய் வழியறிந்து செல்கிறது. 'ஜீ' என்றால் வலப்பக்கமும், 'ஹா' என்றால் இடப்பக்கமும் திரும்புகிறது. வண்டியை ஒட்டிக் கடைசியில் ஓடும் வலிய நாய்கள் திருப்பங்களில் பாரத்தைத் தாங்குகின்றன. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமான உணவு வேண்டும். வழிநெடுகிலும் உள்ள நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் அவற்றைச் சோதிக்கிறார்கள். சோர்ந்த நாயை அங்கேயே விட்டுவிட்டு, மீதி நாய்களோடு செல்லலாம். வெற்றியைக்கூட முதல் நாயின் மூக்கு கோட்டைத் தொடும் நொடியை வைத்தே முடிவு செய்கிறார்கள். 1978இல் பதினான்கு நாட்கள் ஓடிய பிறகு டிக் மேக்கி ஒரே ஒரு நொடியில் வென்றது அப்படித்தான்.

நாய்களுக்குச் சொந்த விருப்பம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. 2019இல் முதலிடத்தில் சென்ற ஒருவரின் நாய்கள், பெரிங் கடலோரத்தில், இனி ஓடமாட்டோம் என்று நின்றுவிட்டன. அவர் போட்டியை விட்டு விலக நேர்ந்தது. வாயில்லா ஜீவன்கள் என்று நாம் சொல்கிறோம். அன்று அவை பேசாமலே பேசிவிட்டன.

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. நம் மகிழ்ச்சிக்காக நாய்களை இவ்வளவு தூரம் ஓட்டுவது நியாயமா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எங்களுக்கு மனமில்லை. 2024ஆம் ஆண்டுப் பந்தயத்தில், வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த மூன்று நாய்கள் இறந்தன. அவற்றை ஓட்டிய மூவரும் போட்டியிலிருந்து விலகினர். 2025இலும் ஒரு நாய் இறந்தது. விலங்குகளின் நலம் நாடுவோர் இப்பந்தயத்தை நிறுத்த வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் குரல் எழுப்புகிறார்கள். ஆதரவு தந்த பெரிய நிறுவனங்கள் சிலவும் விலகிக்கொண்டன.

மறுபக்கத்தார் சொல்வதிலும் உண்மை உண்டு. இந்த நாய்கள் ஓடுவதற்கென்றே வழிவழியாக வளர்க்கப்பட்டவை. புறப்படும் இடத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்தவே பலர் வேண்டியிருக்கிறது. தொடக்க ஆண்டுகளைவிட இப்போது மருத்துவக் கவனிப்பு எவ்வளவோ மேல். பந்தயத்திற்கு முன்பே இரத்தமும் இதயத் துடிப்பும் சோதிக்கப்படுகின்றன. நாய்களை மிக நன்றாகக் கவனித்துக்கொள்ளும் ஓட்டுநருக்குச் செப்பாலாவின் பெயரால் ஒரு விருதே இருக்கிறது.

ஆயினும், 'நாய் விரும்பித்தானே ஓடுகிறது' என்ற ஒரு வாதத்தோடு நாங்கள் மனநிறைவு கொள்ளவில்லை. விளையாட்டில் மூழ்கிய குழந்தைக்குப் பசி தெரியாது. கையைப் பிடித்து அழைத்து வந்து சோறு போடுவது தாயின் கடமை. விரும்பி ஓடும் நாய்க்கு எல்லை வகுப்பது அதை ஓட்டும் மனிதனின் கடமை. 1973இல் இருபது நாட்கள் பிடித்த வெற்றி, 2017இல் மிச் சீவி வென்றபோது எட்டு நாள் மூன்றே முக்கால் மணி நேரத்திற்குள் அடங்கிவிட்டது. பாதை சீரானதும் உணவும் பயிற்சியும் உயர்ந்ததும் இதற்குக் காரணங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாட்கள் குறையக் குறைய நாம் கைதட்டிக்கொண்டே போனால், அந்தக் குறைவுக்கு முடிவு எங்கே?

ஆகையால் எங்கள் மூன்றாவது கருத்து இது: பந்தயம் நடக்கட்டும், கட்டாய ஓய்வு நேரம் கூடட்டும். இப்போது மூன்று ஓய்வுகளும் சேர்ந்து 40 மணி நேரம். அதை இன்னும் உயர்த்தினால் யாருக்கு நட்டம்? எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் எவருடைய இடமும் அதனால் பறிபோகாது. கடிகாரத்தில் சாதனைகள் குறையும், அவ்வளவே. வழக்கத்தைக் காப்பாற்றத் தொடங்கிய பந்தயத்திற்கு அது ஒரு குறையாகாது. 1985இல் லிபி ரிடில்ஸ், பிறர் தயங்கி நின்ற புயலில் துணிந்து சென்று, கடற்பனியின் மேல் இரவைக் கழித்து, இப்பந்தயத்தை வென்ற முதல் பெண்மணி ஆனார். அவருக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. அதனால் அவர் புகழ் குறைந்தா போயிற்று?

விதிகளைக் கடுமையாக்கினால் வீரம் மங்கிவிடும் என்பாரும் உளர். 2024இல் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். மூஸ் என்னும் பெரிய மான் ஒன்று டலாஸ் சீவியின் அணியைத் தாக்கி ஒரு நாயைக் காயப்படுத்தியது. அவர் அதைச் சுட நேர்ந்தது. அவ்வாறு கொல்ல நேர்ந்தால் இறைச்சி வீணாகாதபடி குடலை நீக்கி வைக்க வேண்டும் என்பது விதி. அதைச் சரிவரச் செய்யவில்லை என்று நடுவர்கள் அவருக்கு இரண்டு மணி நேரம் தண்டனை விதித்தார்கள். அதையும் ஏற்றுக்கொண்டு ஓடி அவரே ஆறாம் முறையாக வென்றார். விதி வீரத்தைக் கொல்லவில்லை!

பந்தயம் தொடங்கும் நாளில் நோம் நகரின் முடிவு வளைவில் ஒரு விளக்கை ஏற்றுவார்கள். முதல்வர் வந்து சேர்ந்தாலும் அது அணைவதில்லை. கடைசி அணி வந்து சேர்ந்த பிறகே அதை அணைப்பார்கள். வழியில் இன்னும் ஓர் உயிர் இருக்கிறது என்பதே அந்த விளக்கின் பொருள். கடைசியாக வருபவருக்குச் 'செவ்விளக்கு' என்ற விருதும் தருகிறார்கள். அதைக் கேலி என்று எண்ணிவிடாதீர்கள். பாதியில் விடாமல் வந்து சேர்ந்தமைக்கு அளிக்கும் மதிப்பு அது.

தோழிகளே! அடுத்த மார்ச்சில் இந்தப் பந்தயத்தைப் பின்தொடர நினைத்தால், முதல்வர் வந்த நாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வோர் அணியிலும் எத்தனை நாய்கள் புறப்பட்டன, எத்தனை வந்தன என்று பாருங்கள். எவர் எங்கே எவ்வளவு நேரம் ஓய்வு தந்தார் என்று எழுதி வையுங்கள். தந்தையரும் தாயாரும் உடனிருந்து பார்த்தால் இன்னும் நன்று. விளக்கு அணையும்வரை பார்ப்பவரே பந்தயத்தை முழுமையாகப் பார்த்தவர் என்பது எங்கள் துணிபு.