வண்டிக்கு மட்டும் ஏன் மாநில எல்லை?

சென்னையில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தோடு பெங்களூருவுக்குக் குடிபோகிறவர் அதை மாற்ற வேண்டியதில்லை. காலாவதியாகும்வரை அதையே காட்டி ஓட்டலாம். காலாவதியானால் கோரமங்களாவிலோ ஜெயநகரிலோ உள்ள ஆர்டிஓ அலுவலகத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால், அவரோடு வந்த காரும் பைக்கும் அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது. 12 மாதங்களுக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் பழைய எண்ணை விட்டுவிட்டு 'கேஏ' எண் வாங்கியாக வேண்டும். வாழ்நாள் வரியையும் புதிதாகக் கட்டியாக வேண்டும்.

உரிமம், பதிவு இரண்டுமே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வருபவை. உரிமத்துக்கு 'சாரதி', பதிவுக்கு 'வாகன்' என இரண்டுக்கும் ஒன்றிய அரசின் இணையதளங்களே இருக்கின்றன. பிறகு ஏன் ஆளுக்கு ஒரு நியாயம், வண்டிக்கு ஒரு நியாயம்? உரிமத்தால் அரசுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்க் கட்டணம். பதிவோடு ஒட்டிக்கொண்டு வருவதோ லட்சக்கணக்கில் வரி. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு பட்டியல், ஒரு வண்டி

மோட்டார் வாகனங்கள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 35ஆவது இனமாக இருக்கின்றன. அவற்றின் மீதான வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு இந்தியா முழுவதும் அந்தப் பதிவு செல்லும் என்கிறது ஒன்றியச் சட்டத்தின் 46ஆவது பிரிவு. 12 மாதங்களைத் தாண்டினால் புது எண் வாங்கு என்கிறது அடுத்த பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் மாநிலங்களின் வரிச் சட்டங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பல மாநில வரிகள் அதில் கரைந்தன. வாகன வரி கரையவில்லை. கார் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டி நாடு முழுவதற்கும் ஒரே முறைதான். சாலை வரி மட்டும் மாநிலம் மாறினால் மறுபடியும் தலைதூக்குகிறது.

அதுவும் சிறிய தொகையல்ல. கர்நாடகத்தில் 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய்வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 14%. அந்த வரியின் மீது 11% செஸ். 8 லட்சம் ரூபாய் புதுக் கார் என்றால் வரி 1,12,000, செஸ் 12,320, ஆக மொத்தம் 1,24,320 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு முன்பு இதே காருக்கு 10%, அதாவது 80,000 ரூபாய்தான். இடம்மாறி வரும் பழைய வண்டிக்கு அதன் வயதைப் பொறுத்துக் கர்நாடகம் கழிவு தருகிறது. ஆனாலும் சென்னையில் 15 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டி முடித்தவர், மூன்றாவது ஆண்டில் பெங்களூருவில் மிச்ச ஆண்டுகளுக்கு மறுபடியும் கட்டும் நிலைதான்.

30 நாள் கெடுபிடி

இந்த 12 மாத அவகாசமும் எளிதில் கிடைத்துவிடவில்லை. வெளிமாநில வண்டி 30 நாள்களுக்கு மேல் தங்கினாலே வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்று 2014இல் கர்நாடகம் தனது வரிச் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்காக வந்திருந்தவர்களின் வண்டிகள் சாலையோரங்களில் நிறுத்தப்பட்டன. 'டிரைவ் வித்தவுட் பார்டர்ஸ்' என்ற இயக்கம் பெங்களூருவில் உருவானது இந்தப் பின்னணியில்தான். வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் தனி நீதிபதி அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தார். 2018இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது.

தீர்ப்பு வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 12 மாதங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பொங்கலுக்கு மதுரை போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குமா? சட்டம் வாய் திறப்பதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டுப் பதிவு வண்டி வைத்திருக்கும் பலர், சுங்கச்சாவடிக் கணக்கையும் பெட்ரோல் ரசீதையும் பத்திரப்படுத்துகிறார்கள். இந்த வரியைக் கேட்கும் அதிகாரம் போக்குவரத்துத் துறை ஆய்வாளருக்குத்தான், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களிடம்தான் பேரம் நடக்கிறது.

ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர் தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டுகிறார். பெங்களூருவில் வீடெடுத்துத் தங்கியவரின் வண்டி தேய்க்கும் அதே சாலையைத்தான் அவருடைய வண்டியும் தேய்க்கிறது. இரவு ஓசூருக்குத் திரும்பிவிடுவதால் அவருக்கு இந்த வரி இல்லை. ஆக, சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் என்று சொல்லப்படுவது நடைமுறையில் வண்டி எங்கே தூங்குகிறது என்பதற்கான கட்டணமாக இருக்கிறது.

கோப்பு நடக்கும் பாதை

சட்டப்படி நடக்க விரும்புகிறவரின் பாடு என்ன? முதலில் சொந்த ஊர் ஆர்டிஓவிடம் 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சைப் படிவத்தில் ஒட்ட வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் சம்மதம் வேண்டும். வண்டி மீது குற்ற வழக்கு இல்லை என்பதற்கும் சான்று வேண்டும். விண்ணப்பித்து 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் சான்று தரப்பட்டதாகவே கொள்ளலாம் என்கிறது 48ஆவது பிரிவு. அந்தப் பிரிவைச் சொல்லிக் கவுன்ட்டரில் காரியம் சாதிப்பவர்கள் குறைவு.

அடுத்து பெங்களூருவில் 27ஆம் எண் படிவம், வண்டி ஆய்வு, முகவரிச் சான்று. வாடகைக்கு இருப்பவரின் கையில் உள்ளது பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். ஓராண்டு ஆகிவிட்டால் அதைப் பதிவுசெய்ய வேண்டிவரும் என்பதால் வீட்டு உரிமையாளர்கள் 11 மாதத்தைத் தாண்டுவதில்லை. வண்டிக்கோ 12 மாதக் கணக்கு. வாடகைச் சட்டத்தின் கண்ணில் தற்காலிகக் குடியாக இருப்பவர், வாகனச் சட்டத்தின் கண்ணில் நிரந்தரவாசி ஆகிவிடுகிறார்.

வரி கட்டிப் புது எண் வந்த பிறகு நம்பர் பிளேட், காப்பீடு, ஃபாஸ்டேக் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கடைசியாக, முன்பு கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டுப் பழைய மாநிலத்துக்கே எழுத வேண்டும். பலர் கைவிடும் இடம் இதுதான். புரோக்கர் கேட்கும் தொகை, விடுப்பு, பயணச் செலவு எல்லாம் சேர்ந்தால் வரப்போகும் பணம் பெரிதாகத் தெரிவதில்லை. வாங்கிய வரிக்கு உரிய சேவையைத் தராமலே முதல் மாநிலம் அந்தப் பணத்தை வைத்துக்கொள்கிறது.

எண் பலகைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றியெரிந்தபோது, தமிழ்நாட்டுப் பதிவு கொண்ட பேருந்துகளும் லாரிகளும் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. அன்றைக்குப் பிறகு எண்ணை மாற்றிக்கொண்டவர்கள் எல்லாருமே ஆர்டிஓவுக்குப் பயந்து மாற்றியவர்கள் அல்லர்.

அரசின் பக்கம்

கர்நாடக அரசின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெங்களூருவில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. வரி குறைந்த இடத்தில் வண்டியைப் பதிவுசெய்து இங்கே ஓட்டும் வசதி படைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆடம்பரக் கார்களுக்குப் புதுச்சேரிப் பதிவு எப்படிப் புகலிடமானது என்பது தென்மாநிலங்கள் அறிந்ததே. 2025 ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவோடு பெங்களூருவில் ஓடிய ஒரு ஃபெராரி காருக்கு அபராதம் உட்படச் சுமார் 1.4 கோடி ரூபாய் வசூலானது. இப்படிப்பட்டவர்களை விட்டுவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஃபெராரிக்கு விரித்த வலையில் ஆறு வருடப் பழைய ஸ்கூட்டரும் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல்.

பாரத் வரிசை யாருக்கு?

மாற்றுவழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 'பிஹெச்' வரிசைப் பதிவில், மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியை 15 ஆண்டுகளுக்கு மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். ஆனால், தகுதி யாருக்கு? பாதுகாப்புப் படையினர், ஒன்றிய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள். தனியார் ஊழியர்களுக்கு இது கிடையாது என்று கர்நாடகப் போக்குவரத்துத் துறை 2021 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. அது ஒன்றிய விதிக்கு முரணானது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார்.

அந்த வழக்குக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். தர்மபுரியிலிருந்து பைக்கோடு வந்து உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கு நான்கு மாநில அலுவலகமும் இல்லை, பணிச் சான்றும் இல்லை. அடிக்கடி இடம்மாறுகிறவர்களில் மிக எளியவர் அவர். திட்டத்தில் இடமில்லாதவரும் அவரே. இடமாற்ற உத்தரவை முதலாளி கொடுத்தால் சலுகை, வாழ்க்கை கொடுத்தால் இல்லை என்பது என்ன நியாயம்?

என்ன செய்யலாம்?

மாநிலங்களின் வரி உரிமையில் கைவைக்காமலே இதைச் சீர்செய்ய முடியும். முதலாவதாக, இரண்டு ஆண்டுக்கொரு முறை வரி கட்டும் வசதியைப் பணியிடம் பார்க்காமல் விரும்பும் எல்லாருக்கும் திறந்துவிடலாம். இரண்டாவதாக, வாழ்நாள் வரி கட்டியவர்களின் மிச்ச வரியை மாநிலங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தில் விற்று இன்னொரு மாநிலத்தில் நுகரப்படும் பொருளின் ஜிஎஸ்டியை மாநிலங்களுக்கிடையே பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வண்டி, எப்போது, எங்கே, எவ்வளவு வரி கட்டியது என்பது 'வாகன்' தரவுத்தளத்தில் பதிவாகிறது. இரண்டு மாநில வரி விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் வண்டி உரிமையாளரிடம் கேட்டால் போதும். மூன்றாவதாக, 12 மாதக் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விதியிலேயே எழுதிவிட்டால் சாலையோரப் பேரத்துக்கு வேலை இருக்காது.

வரி வாங்குவது மாநிலத்தின் உரிமை. ஒரு மாநிலம் வாங்கிய வரியை மீட்டு இன்னொரு மாநிலத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டும் குடிமக்களின் தலையில் கட்டக் கூடாது.