சங்கிலி யார் கையில்?

முதன்முதலாக நாய்க்குட்டி வாங்கிய வீட்டுக்கு வருகிற ஆலோசனைகளில் இரண்டு தவறாமல் இருக்கும். ஒன்று, “ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் டிரெய்னரைப் பார்க்கலாம்.” மற்றொன்று, “கென்னல்ல ஒரு மாசம் விட்டுடுங்க, எல்லாம் கத்துக்கிட்டு வந்துடும்.” இரண்டுமே நல்ல மனதோடு சொல்லப்படுபவை. ஆனால் இரண்டுமே குட்டிக்குக் கெடுதல் செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து. குட்டிக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் தொடங்குகிற, சங்கிலி உரிமையாளர் கையிலேயே இருக்கிற வகுப்புதான் நல்ல வகுப்பு.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த ஆய்வு காட்டியது இது: ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை ஏற்கத் திறந்திருக்கிறது, பிறகு புதியவற்றின் மீது அச்சம் மேலோங்குகிறது. குக்கர் விசில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு பார்சல் கொண்டுவருபவர், லிஃப்ட், துள்ளி ஓடும் குழந்தைகள், தெருமுனையில் வெடிக்கும் பட்டாசு என நம் ஊர் வாழ்க்கை ஒரு குட்டியின் முன் வைப்பவை ஏராளம். அவற்றை இந்தக் காலத்தில் இதமாகச் சந்தித்த குட்டி, பெரிதான பின் அவற்றைக் கண்டு மிரள்வது குறைவு. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. ஆக, குட்டி உங்கள் கைக்கு வரும்போது எஞ்சியிருப்பது அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஆறு மாதம் காத்திருப்பவர், அச்சம் வேரூன்றிய பிறகு அதைப் பிடுங்கப் போராடுகிறார். முடியாது என்பதில்லை, ஆனால் பாடு பல மடங்கு.

தடுப்பூசி முழுவதும் போடாமல் வெளியே கொண்டுபோனால் பார்வோ நோய் வந்துவிடாதா? இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குட்டிகளைக் கொல்லும். அதை நன்கு அறிந்தவர்கள்தான், விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள். அவர்களுடைய சங்கமே 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், குடற்புழு மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆகியிருந்தால் ஏழெட்டு வாரக் குட்டியையும் வகுப்பில் சேர்க்கலாம் என்றது. தடுப்பூசி போட்ட குட்டிகளுக்கு வகுப்புக்குப் போவதால் பார்வோ ஆபத்து கூடவில்லை என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. அது அமெரிக்க நகரங்களின் நிலவரம், நம் தெருக்கள் வேறு என்று சொன்னால், சரிதான். அதனால்தான் பூங்காவிலும் கடற்கரையிலும் நடக்கும் வகுப்பு இந்த வயதுக்கு ஆகாது என்கிறேன். ப்ளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்கக்கூடிய தரையுள்ள மூடிய இடமாக இருக்க வேண்டும். வாசலிலேயே ஒவ்வொரு குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்காத வகுப்பில் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்தது, கற்பிக்கும் விதம். நாய் டிரெய்னர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் அரசு உரிமம் தேவையில்லை. எனவே சோதித்தறியும் பொறுப்பு நம்முடையது. “குட்டி சொன்னபடி செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள்தான் தலைவர் என்று அதற்குக் காட்ட வேண்டும், கழுத்தை இறுக்கும் செயின் போட வேண்டும் என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். அந்தத் தலைமைக் கதை, கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. அதைத் தன் நூலில் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே பின்னாளில் காட்டு ஓநாய்களைக் கவனித்துவிட்டு, அது சண்டையிட்டுத் தலைமை பிடிக்கும் கூட்டமல்ல, தாய் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம் என்று 1999-இல் எழுதினார். 2020-இல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. அவற்றில் கடுமையான பள்ளிகளின் நாய்களிடம், நிச்சயமற்ற நிலையில் நல்லதை எதிர்பார்ப்பதும் குறைந்திருந்தது. தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் அது லஞ்சமாகிவிடாதா என்பார்கள். செய்வதற்கு முன்னே காட்டி இழுத்தால் லஞ்சம். செய்த பின் கொடுத்தால் கூலி. வேகவைத்த கோழியின் சிறு துண்டையோ பனீரையோ கூலியாகக் கொடுத்து, பழகப் பழக அதைக் குறைத்துக்கொண்டே வர நல்ல டிரெய்னருக்குத் தெரியும்.

போலீஸ், ராணுவ நாய்ப் பிரிவில் இருந்தவர் என்றால் நம்பலாமே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்த அனுபவம் மதிப்புக்குரியது. ஆனால் அங்கே தேர்ந்தெடுத்த நாய், அதற்கென்றே நாள் முழுக்க ஒரு வீரர். உங்கள் வீட்டிலோ பாட்டி, பள்ளிப் பிள்ளை, வேலைக்கு வருகிற அக்கா என ஆளுக்கொரு சொல், ஆளுக்கொரு வழக்கம். கென்னலில் விட்டு வாங்குவதன் குறையும் இதுவேதான். ஓர் இடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறோர் இடத்தில் வேறொருவரிடம் தானாகச் செய்ய நாய்க்கு எளிதில் வராது. டிரெய்னர் சொன்னால் கென்னலில் உட்காரும். உங்கள் கேட்டருகே பார்சல்காரரைக் கண்டால் பாயும். உங்கள் கண்ணுக்கு எட்டாத அந்த ஒரு மாதத்தில் அதை எப்படி நடத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அதற்கும் சொல்லத் தெரியாது. நேரமில்லை என்பவருக்கு என் பதில் இதுதான்: வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அன்றாடம் சில நிமிடப் பயிற்சி, இவ்வளவுதான் தேவை. இதற்கும் நேரமில்லாதவர் இப்போதைக்கு நாய் வளர்க்காமலிருப்பதே நல்லது.

பணம் கட்டுமுன் குட்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பயந்து நாற்காலிக்கடியில் ஒளிகிற குட்டியைக் கவனியுங்கள். அதை வெளியே இழுத்து மற்றக் குட்டிகள் நடுவே விடுகிறார்களா, தானாக வரும்வரை இடம் கொடுக்கிறார்களா? பெரிய குட்டி சிறியதை அமுக்கி விளையாடும்போது டிரெய்னர் குறுக்கே வருகிறாரா? வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்கிறாரா? பார்வையாளராக வர அனுமதி மறுக்கும் வகுப்பில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் குட்டியைச் சேர்க்காதீர்கள்.