கடலுக்குள் ஒரு கரை



ஏரியை நம்பி வாழும் சாலவாக்கம், உத்திரமேரூர் பகுதி மக்களுக்குக் கரையின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரையில் ஏற்படும் ஒரு சிறு உடைப்பு ஓராண்டு விளைச்சலையே பறித்துவிடும். ஆகவேதான் 10ஆம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூர்ச் சபையில் ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ இருந்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. கடலிலுள்ள தீவுகளுக்கும் இத்தகைய கரை உண்டு. அது உடைந்தால் என்னவாகும் என்பதை அறிய, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைப் பாருங்கள்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. வான் தீவு அவற்றுள் ஒன்று. மணலும் பவளச் சிதைவுகளும் சேர்ந்து உருவான தாழ்வான நிலம் அது. மனிதர் எவரும் அங்கே குடியிருக்கவில்லை. ஆயினும் அதனை வெறும் மணல்திட்டு என்று எண்ணிவிடாதீர்கள். இத்தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் பரந்து கிடக்கின்றன. அப்புல்லை மேய்ந்தே ஆவுளியா எனப்படும் கடற்பசு உயிர் வாழ்கிறது. ஆமைகளும் சங்குகளும் கடல் அட்டைகளும் இங்கே வாழ்கின்றன. மீன்குஞ்சுகள் பாறை இடுக்குகளில் ஒளிந்து வளர்கின்றன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இரை தேடுகின்றன.

பவளப் பாறை என்பது உயிரற்ற கல்லன்று. நுண்ணிய உயிரினங்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு நெடுங்காலம் முயன்று கட்டிய கோட்டை அது. கடலலை முதலில் அதன்மீது மோதி வலுவிழந்த பின்னரே தீவைத் தொடும். அந்தக் கோட்டையைத்தான் மனிதன் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினான். விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகளும் கடலில் மூழ்கின. 1986இல் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014 அளவில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிற்று.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. எனினும் இழந்த அரணைச் சட்டம் மட்டும் மீட்டுத் தந்துவிடாது அல்லவா? எனவே 2015 முதல், துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் செய்து, வான் தீவை ஒட்டிய கடலடியில் இறக்கினர். அவை அலையின் வேகத்தைத் தணித்தன. மணல் தங்கத் தொடங்கியது. மீன்கள் வந்து சேர்ந்தன. அவற்றின்மீது புதிய பவளங்களும் பற்றி வளர்கின்றன.

இதனால் கவலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளங்கள் வெளுத்து மடிகின்றன. 2016இல் மன்னார் வளைகுடாவில் அவ்வாறே நிகழ்ந்தது. அருகிலுள்ள காரைச்சல்லித் தீவும் சுருங்கி வருகிறது.

ஆளில்லாத் தீவு அழிந்தால் நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. அங்கே வளரும் மீன்தான் தூத்துக்குடி, கீழக்கரைக் கடலோரக் குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. வெட்டியெடுக்கச் சில ஆண்டுகள் போதும். வளர்வதற்கோ தலைமுறைகள் வேண்டும். ஆகவே கடற்கரைக்குச் செல்லும்போது அழகுக்காகவேனும் ஒரு பவளத் துண்டை விலைகொடுத்து வாங்காதீர்கள்; பிள்ளைகளுக்கும் காரணத்தை விளக்குங்கள். ஏரிக் கரையிலிருந்து மண்ணை அள்ள நாம் எவரையும் விடுவதில்லை. கடலின் கரைக்கும் அதே காவல் வேண்டும்.