பாதியில் நின்ற படிப்பு

அம்பேத்கரின் சரித்திரத்தை மறுபடியும் வாசிக்கையில், கொலம்பியா சர்வகலாசாலையில் அவர் ஈட்டிய கீர்த்தியைக் காட்டிலும், 1917-ல் லண்டன் படிப்பை நடுவிலே நிறுத்திவிட்டு அவர் கப்பலேற நேர்ந்த கட்டமே என் மனத்தை மிகவும் வருத்தியது. பரோடா சமஸ்தானம் அளித்த உபகாரச் சம்பளத்தின் கெடு முடிந்துவிட்டது. வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்களோ யுத்தத்தில் கடலோடு போயின. பம்பாய் ஸிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராயிருந்து மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும், சிநேகிதர் ஒருவர் கொடுத்த கடனும் சேர்ந்த பிறகே, 1920-ல் அவர் லண்டனுக்குத் திரும்பி, ரூபாய் நாணயத்தைப் பற்றிய ஆராய்ச்சியைப் பூர்த்தி செய்து, 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த வைராக்கியத்தை நாம் போற்றுவது நியாயமே. ஆயினும் அத்தகைய அசாதாரண வைராக்கியத்தை ஏழை மாணவர் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்ப்பது தர்மமாகாது. அயல் தேசத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இன்றும் கல்லூரியில் இடம் கிடைப்பதையும் முதல் வருஷக் கட்டணத்தையும் குறித்தே கவலைப்பட்டு, ஆராய்ச்சி கனிகிற கடைசி வருஷத்தை விதியின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். உபகாரச் சம்பளம் அளிக்க முன்வரும் அரசாங்கமும் தர்ம ஸ்தாபனமும், மாணவரின் உழைப்பில் குறை காணாதவரையில், படிப்பு முடியும் நாள்மட்டும் அவரைத் தாங்குவதாக ஆரம்பத்திலேயே உறுதி கூறவேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.