குழந்தைகளின் பற்களில் பதியும் சந்தைக் கொள்கை

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், கூலித் தொழிலாளியின் குடும்பம் பெரும்பாலும் முதலில் நாடுவது மருத்துவரை அல்ல, மருந்துக்கடையை. மருத்துவரின் கட்டணமும் ஒருநாள் கூலி இழப்பும் அவர்களை அங்கே தள்ளுகின்றன. சீட்டின்றிக் கைமாறும் ஆன்டிபயாடிக் மருந்தின் விளைவு சில வேளைகளில் குழந்தையின் பற்களில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது.

டெட்ராசைக்ளின் இதற்குத் தெளிவான சான்று. இம்மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையேற்றிருந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து 1948இல் வெளிவந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த இம்மருந்துக் குடும்பம் குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்துவது 1950களிலேயே தெரியவந்தது. டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பிணைந்து, உருவாகிவரும் பல்லில் படிகிறது. மஞ்சள் கறை வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. எனாமலின் வளர்ச்சியும் குன்றக்கூடும். மெலிந்து சொரசொரப்பான பரப்பில் கிருமிகள் எளிதில் தங்கும். சொத்தை விரைந்து பரவும். எனவேதான் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

சர்க்கரை கலந்த சிரப் மற்றொரு கேடு. இரவில் அதைக் குடித்து, வாய் கொப்பளிக்காமல் குழந்தை உறங்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், சர்க்கரையிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லை அரிக்கிறது.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கடும் நோய்த்தொற்றும் காய்ச்சலுமே வளரும் எனாமலைச் சிதைக்கக்கூடும். தேவை, சரியான மருந்தை முடிவுசெய்யும் மருத்துவர், ஏழையின் எட்டும் தூரத்தில் இருப்பதே.

மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மருத்துவரே இல்லாத ஊரில் சட்டம் மட்டும் என்ன செய்யும்? 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாக 2017 தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த உறுதி காற்றில் பறந்தது. 2021-22இல் நாட்டின் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்தினர். 1954இல் பிம்பிரியில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸையும் விற்க 2016இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது.

மாற்று வழி உண்டு. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இலேயே ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்தும் மாநிலச் செயல்திட்டத்தை அறிவித்து, சீட்டில்லா விற்பனைக்கு எதிராகவும் நடவடிக்கை எடுத்தது. வலுவான பொது மருத்துவமனைகளே அதன் அடித்தளம்.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவர், பல் பரிசோதனை, குழந்தைகளுக்குச் சர்க்கரையற்ற மருந்து ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டுசெல்வது நமது இயக்கத்தின் உடனடிக் கடமை.