75 கிலோ மூட்டையும் முதியவர் முதுகும்

விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மேல்சித்தாமூர் உள்ளிட்ட செஞ்சி வட்டார ஊர்களில் முதிய ஆண்கள் படும் இடுப்புவலி குறித்துக் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ஆகவே எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். சட்டதிட்டங்களைத் தாங்கள் அறிவீர்கள். நெல் மூட்டை ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. அதே வயலின் நெல் வியாபாரிக்குப் போனால் 75 கிலோ. வயதுவந்த ஓர் ஆண் சுமக்கத்தக்க எடைக்கு 55 கிலோ என்ற வரம்பை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. இருவர் தூக்கிவிட, மூன்றாமவர் பிடரியிலும் தோளிலும் அந்த 75 கிலோ மூட்டையை வாங்கி, முன்னால் குனிந்தபடி பலகை ஏறி லாரியில் அடுக்குகிறார். ஒவ்வொரு அடியிலும் கீழ் இடுப்பின் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் மூட்டையின் எடையைவிட மிகுந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன. 40 கிலோ போதும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் 75 கிலோவை ஏன் அனுமதிக்கிறீர்கள்?

“வயசாயிடுச்சு, எலும்பு தேயத்தான் செய்யும்” என்பது எங்கு போனாலும் கிடைக்கும் பதில். தேய்மானம் உண்மைதான். ஆனால் வலியே இல்லாத எண்பது வயதினரைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. தேய்ந்த எல்லோரும் முடங்குவதில்லை என்றால், தேய்மானத்தின் மேல் மட்டும் பழிபோட முடியாது. முதுகைத் தாங்குவது தசை. முப்பதைத் தாண்டியதும் கரையத் தொடங்கி, அறுபதுக்குப் பின் வேகமாகக் கரையும் அந்தத் தசையை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கரைந்ததைத் திரும்பப் பெறவும் முடியும். அமெரிக்காவின் பாஸ்டனில், சராசரி வயது 87 கொண்ட முதியோர் இல்லவாசிகளுக்குப் பத்து வாரம் படிப்படியாக எடைப்பயிற்சி கொடுத்தார்கள். தசைபலம் இரு மடங்குக்கும் மேலானது. 1994-ல் வெளியான ஆய்வு அது. சத்துணவை மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் உடம்புக்கேற்ப எடை கூடும், நடுவே ஓய்வு உண்டு. மூட்டைக்கு அந்த இரக்கம் கிடையாது.

மூட்டை சிறுத்தால் கூலி குறையும் என்று சிலர் சொல்வார்கள். தொழிலாளியின் அச்சத்தை மதிக்கிறேன். கூலியை மூட்டைக் கணக்கில் இல்லாமல் எடைக் கணக்கில் நிர்ணயித்தால் அது தீரும். வியாபாரி அதே வாதத்தைச் சொன்னால் மட்டும் ஏற்க மாட்டேன். அவர் மிச்சம் பிடிக்கும் நேரத்துக்கு விலை கொடுப்பது இன்னொருவரின் இடுப்பு.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர். ஒன்றியத்தின் அத்தனை ஊர்களுக்கும் ஒருவர்! ஆட்சியரே, தண்டுவட அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது; அறுவை வராமல் காக்கும் மூன்று மாதப் பயிற்சிக்கு வழி இல்லை. கிழவர்களுக்கு மிஞ்சுவது மருந்துக்கடை வலிமாத்திரை. அதையே நாள்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடக்கூடும். அதே திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளர், முதியவரைக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லட்டும். பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆனால் தசைபலம் குறைந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம். இதற்குமா நிதி இல்லை? பயிற்சியோடு புரதமும் வேண்டும். சமண மடம் இருக்கும் மேல்சித்தாமூரில் பலர் முட்டையும் மீனும் தொடாதவர்கள். அவர்களுக்குப் புரதம் பெரும்பாலும் பயறும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும்தான். வெறும் ரேஷன் அரிசியால் தசை வளராது.

இவர்கள் சுமந்த நெல்லைத்தான் இந்த மாவட்டம் சாப்பிட்டது. அடுத்த சம்பா அறுவடைக்குச் சாக்குக் கட்டும் முன் 75 கிலோ மூட்டையை நிறுத்த உத்தரவு போடுங்கள்.