உப்புச் சட்டியில் ஒரு விஞ்ஞானப் பாடம்



பாடசாலை விட்டு வந்த பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உம்மா, மூலகம் என்றால் என்ன? சேர்வைக்கும் கலவைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறது. "எனக்கென்ன தெரியும்? வாப்பா வந்ததும் கேள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாப்பா களைத்து வருகிறார். பிள்ளையோ வரைவிலக்கணத்தைக் கிளிப்பிள்ளை போல் பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிறது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறிப் போகிறது.

உண்மையில் இந்தப் பாடத்துக்கு வேண்டிய எல்லாம் உங்கள் குசினியிலேயே இருக்கின்றன. உப்புச் சட்டியை எடுத்து மேசையில் வையுங்கள். உங்கள் கைக் காப்பையும் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

முதலில் காப்பைப் பார்ப்போம். தூய தங்கத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் தங்கமே. வெட்டிக்கொண்டே போனால், தங்கத்தின் இயல்பு மாறாத மிகச் சிறிய துணிக்கை ஒன்று எஞ்சும். அதுவே தங்க அணு. இப்படி ஒரே வகை அணுக்களால் மட்டும் ஆன பொருளே மூலகம். தங்கம், வெள்ளி, இரும்பு, செம்பு, கந்தகம், ஒட்சிசன் என்று இன்றுவரை 118 மூலகங்கள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்தனி வகை அணு உண்டு என்ற கருத்தை நிறைகளோடு கணக்கிட்டு விளக்கியவர், இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்த ஜோன் டோல்ற்றன். அவரது நூல் 1808 இல் வெளிவந்தது.

மூலகங்களின் குறியீடுகளில் பிள்ளைகள் சலித்துப் போவதுண்டு. "சோடியத்துக்கு ஏன் 'என்.ஏ.' என்று எழுதுகிறோம்? பொற்றாசியத்துக்கு ஏன் 'கே'?" என்று கேட்பார்கள். அவை நத்ரியம், கலியம் என்ற லத்தீன் பெயர்களின் எழுத்துக்கள். நத்ரியம் என்பது சோடா உப்பைக் குறிக்கும் 'நத்ரூன்' என்ற அரபுச் சொல்லோடு உறவுடையது. கலியம் என்பது செடிகளை எரித்த சாம்பலைக் குறிக்கும் 'அல்கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரசாயனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'அல்கீமியா' வழியாக வந்ததுதான். குர்ஆன் ஓதப் பழகிய நாவுக்கு இவை அந்நியமான சொற்களல்ல என்று பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பயம் போய்விடும்.

இனி உப்புக்கு வருவோம். உப்பு மூலகமா? அல்ல. அதன் இரசாயனப் பெயர் சோடியம் குளோரைட்டு. சோடியம், குளோரீன் என்னும் இரண்டு மூலகங்கள் சேர்ந்து உண்டானது.

சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் இட்டால் சீறிப் பாய்ந்து, சில வேளை தீப்பற்றி வெடிக்கும். குளோரீனோ மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள நச்சு வாயு. முதலாம் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்ல இந்த வாயுவையே திறந்துவிட்டார்கள். தனித்தனியே இத்தனை கொடிய இரண்டும் இணைந்தபோது, நாம் கறியில் இடும் உப்பாகிவிட்டன! இதுவே சேர்வை. சேர்வையில் மூலகங்கள் தம் பழைய குணத்தை இழந்து புதியதொரு குணத்தைப் பெறுகின்றன.

சேர்வைக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அதில் மூலகங்கள் எப்போதும் ஒரே விகிதத்திலேயே இருக்கும். புத்தளத்து உப்பாயினும் அம்பாந்தோட்டை உப்பாயினும், தூய உப்பு 100 கிராமில் ஏறத்தாழ 39 கிராம் சோடியமும் 61 கிராம் குளோரீனும் இருக்கும். தண்ணீரும் அப்படித்தான். எந்தக் கிணற்றுத் தண்ணீரானாலும் 9 கிராம் தூய நீரில் 1 கிராம் ஐதரசன், 8 கிராம் ஒட்சிசன்.

கலவை இப்படியானதல்ல. ஒரு கரண்டி உப்பைத் தண்ணீரில் கரையுங்கள், அது கலவை. இரண்டு கரண்டி போட்டாலும் கலவைதான். அளவு நம் விருப்பம். உப்பின் கரிப்பும் மாறவில்லை, தண்ணீரின் இயல்பும் மாறவில்லை. வெயிலில் வைத்தால் நீர் ஆவியாகி உப்பு மிஞ்சும். புத்தளத்து உப்பளங்களில் நடப்பதும் இதுவே. ஆனால் அந்த உப்பை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் சோடியம் வேறு, குளோரீன் வேறு என்று பிரியாது. அதைப் பிரிக்க, உப்பை உருக்கி மின்சாரம் செலுத்த வேண்டும்.

நாம் கடையில் வாங்கும் உப்புப் பைக்கற்றில் 'அயடீன் கலந்த உப்பு' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள். கண்டக்கழலை நோயைத் தடுக்க, நம் நாட்டில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 இல் சட்டமாக்கப்பட்டது. உப்பு ஒரு சேர்வை; அதில் சேர்க்கும் பொற்றாசியம் அயடேற்று இன்னொரு சேர்வை; இரண்டும் சேர்ந்த பைக்கற்று ஒரு கலவை. ஒரே சட்டிக்குள் பாடம் முழுவதும் அடங்கிவிட்டது!

சகோதரிகளே! பரீட்சைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெருநாளுக்கு வீடு கழுவும்போது சிலர், "இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும்" என்று எண்ணி, வெளுக்கும் திரவத்தையும் குளியலறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள். அவை சும்மா கலந்து கிடப்பதில்லை. இரசாயனத் தாக்கம் நிகழ்கிறது. உப்பினுள் அமைதியாக அடங்கியிருந்த அதே குளோரீன், இங்கே வாயுவாக விடுபட்டு வருகிறது. சாளரம் மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாவியுங்கள். வெளுக்கும் திரவத்தோடு அமோனியா கலந்த திரவத்தையும் சேர்க்காதீர்கள். அதிலிருந்தும் நச்சு வாயு கிளம்பும். தவறிக் கலந்துவிட்டால், துடைத்து முடிக்கலாம் என்று நிற்காமல் உடனே வெளியேறி நல்ல காற்றுக்கு வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வேலைக்கு உதவும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்றிரவு பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

காற்று எது? கலவை. அதில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். மீதி ஆகன் முதலிய வாயுக்கள்.

சீனி எது? சேர்வை. காபன், ஐதரசன், ஒட்சிசன் மூன்றும் அதில் உண்டு. கரண்டியில் சிறிது சீனியை இட்டு நீங்களே அடுப்பில் கருக்கிக் காட்டுங்கள். வெண்மையான இனிப்புக்குள் மறைந்திருந்த காபன் கரியாக வெளிப்படும்.

உம்மாவின் 22 கரட் காப்பு எது? "தங்கம், ஆகவே மூலகம்" என்று பிள்ளை அவசரப்பட்டுச் சொல்லும். சொல்லட்டும். பிறகு விளக்குங்கள்: 24 பங்கில் 22 பங்கே தங்கம், மற்ற இரண்டு பங்கும் உறுதிக்காகச் சேர்த்த செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். 8 கிராம் கொண்ட ஒரு பவுணில் தூய தங்கம் ஏறத்தாழ 7.33 கிராம்தான். ஆகவே அதுவும் கலவையே.

அடுத்த முறை பிள்ளை புத்தகத்தைக் கொண்டு வந்தால், வாப்பா வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். உப்புச் சட்டியை எடுத்து வாருங்கள்.